படத்தின் பின்பக்கம்

லாச்சப்பல் மெற்றோவில் இறங்கி, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் இன்னும் பத்து நிமிடம் நடந்தால் ஷத்தோ லாந்தோன் வீதிக்கு வந்துவிடலாம். அங்கே 29ஆம் இலக்கத்தில் ஒரு நூலகம் இருக்கிறது. பெயர் மெதெம் நூலகம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதத் தொழிலாளர்கள், புந்த் என்ற இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள், தங்கள் யித்திஷ் மொழிக்காக 1929இல் பாரிஸில் தொடங்கியது அது. இந்த முகவரிக்குப் பின்னாளில்தான் வந்தது. நாசிகள் பாரிஸைப் பிடித்திருந்த ஆண்டுகளில் அதன் நூல்கள் நிலவறை ஒன்றுக்குள் ஒளித்து வைக்கப்பட்டுத் தப்பின. இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய யித்திஷ் நூலகம் அதுதான்.

பாரிஸுக்கு இது புதிதல்ல. 1830ஆம் ஆண்டு எழுச்சி தோற்று ஓடிவந்த போலந்துக்காரர் 1838இல் தங்களுக்கென்று ஒரு நூலகம் அமைத்தார்கள். ரஷ்ய நாடுகடந்தோர் 1875இல் துர்கனேவின் உதவியோடு ஒன்றைத் தொடங்கினார்கள். 1940இல் நாசிகள் அதிலிருந்து ஏறத்தாழ 1,00,000 நூல்களைக் கொள்ளையிட்டுப் போனார்கள்; பிறகு அது மறுபடி எழுந்தது. ஆர்மீனியரின் நூபார் நூலகம் 1928இல் திறக்கப்பட்டது. அதன் முதல் நூலகரான ஆராம் அந்தோனியன், இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களின் வாக்குமூலங்களைச் சேகரித்தவர். அந்தக் காகிதங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஆர்மீனியப் பேரழிவைப் பற்றி எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் அவற்றைத் தேடிப் பாரிஸுக்கு வருகிறார்கள்.

நாங்கள் இந்த நகரத்துக்குத் திரளாக வந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கடைகள் வைத்தோம், கோயில் கட்டினோம், தேர் இழுத்தோம், பள்ளிக்கூடம் நடத்தினோம், சஞ்சிகைகள் போட்டோம். சங்கங்களின் அலமாரிகளில் நூல்களும் சேர்த்திருக்கிறோம். ஆனால் இங்கே வாழ்ந்து இறந்த ஒருவருடைய கடிதங்களையும் படங்களையும் கொப்பிகளையும், நாளை ஆராய வருகிற ஒருவர் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று சுட்டிக்காட்ட எங்களிடம் ஓர் அறை இல்லை.

1981 யூன் 1 என்ற திகதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. ஆவணம் அழிவது என்றாலே தீயும் சீருடையும் எங்கள் நினைவுக்கு வருவதற்கு அந்த இரவுதான் காரணம். அந்த நினைவு நியாயமானது. ஆனால் அது எங்கள் கண்ணை வேறோர் அழிவிலிருந்து திருப்பிவிட்டது. பாரிஸின் புறநகர் அடுக்குமாடி ஒன்றில் தனித்து வாழ்ந்த ஒருவர் இறக்கிறார். வீட்டை மாத முடிவுக்குள் ஒப்படைக்க வேண்டும். நிலக்கீழ் 'காவ்' அறையில் நான்கு பெட்டிகள். பிள்ளைகளுக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. பெட்டிகள் தெருவோரம் வைக்கப்படுகின்றன. மாநகராட்சி வண்டி வந்து எடுத்துப் போகிறது. எரித்தவர்களைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிறோம். இப்படி எறியப்படுவதைப் பற்றி ஒரு கட்டுரைகூட அரிது.

2

எங்களுக்கு முன்பே தமிழ்க் காகிதமும் ஓலையும் பாரிஸுக்கு வந்து சேர்ந்துவிட்டன. ரிஷ்லியூ வீதியிலுள்ள பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் கையெழுத்துப் பிரிவில் சில நூறு தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு புதுச்சேரியில் பணியாற்றிய எதுவார் ஆரியேல் என்ற பிரெஞ்சு அதிகாரி சேகரித்தது. 1818இல் பிறந்த ஆரியேல் திருக்குறளின் பகுதிகளைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். 1854இல் புதுச்சேரியிலேயே இளவயதில் இறந்தார். அவர் சேர்த்தவை கடல் கடந்து இங்கே வந்தன. பின்னாளில் ஜூலியன் வின்சோன் அந்தச் சுவடிகளோடு பழகினார். பாரிஸிலிருந்து உ.வே.சாமிநாதையருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதியவர் அவர்.

1912இல் அந்துவான் கபதோன் வெளியிட்ட பட்டியல் இவற்றை 'இந்திய' என்ற பொதுத் தலைப்பின் கீழ் எண்ணிட்டு வரிசைப்படுத்துகிறது. ஒரு சுவடிக்கு ஒரு எண், ஒரு தலைப்பு, சில வரி விவரணை. இந்த ஏடு யார் வீட்டுப் பரணில் இருந்தது, எந்தப் புலவரின் வழித்தோன்றல் எதற்காக விற்றார், ஆரியேலுக்குப் படி எடுத்துக் கொடுத்த எழுத்தர் யார் என்பதையெல்லாம் இத்தகைய சுருக்கப் பட்டியல் கேட்பதில்லை. நூல் முக்கியம், நூல் வந்த வழி முக்கியமல்ல என்பது அந்தக் காலத்து அறிவுலகின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு இப்போது மாறிவருகிறது. பாரிஸிலும் ஹம்பேர்க்கிலும் உள்ள தென்னிந்தியச் சுவடிகளை ஆராய 2019இல் ஒரு பிரெஞ்சு–ஜேர்மன் திட்டம் தொடங்கியது. அது தேடியது மூலபாடத்தைச் சுற்றியுள்ள எழுத்தை: ஏட்டின் முதலில் வரும் காப்பு, ஓரத்தில் ஏறிய தனிப்பாட்டு, கடைசியில் எழுத்தர் இட்ட குறிப்பு. எழுதி முடித்த நாள், எழுதியவர் பெயர், ஏட்டுக்குரியவர் யார், தவறிருந்தால் பொறுத்துக்கொள்க என்ற வேண்டுகோள். பதிப்பாசிரியர்கள் நூறு ஆண்டுகளாகப் புறந்தள்ளிய இந்த வரிகளிலிருந்துதான் தமிழ் எப்படி வாசிக்கப்பட்டது, எந்தக் கைகளின் வழியே நடந்தது என்ற வரலாறு கிடைக்கிறது.

அதே சேகரத்தில் இன்னொரு பாடமும் உண்டு. துய்ப்ளெக்ஸின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். வர்த்தகம், வழக்கு, கவர்னர் வீட்டு வம்பு, சகுனம், சாதகம் எல்லாம் பேச்சுத்தமிழுக்கு நெருக்கமான நடையில். அவர் இறந்து 85 ஆண்டுகள் அந்தக் கொப்பிகள் குடும்பத்தாரிடமே கிடந்தன. 1846இல் கலுவா-மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படி எடுத்தார். ஆரியேலும் ஒரு படி எடுத்தார், அது இப்போது பாரிஸில் இருக்கிறது. 1904க்கும் 1928க்கும் இடையில் சென்னையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்த பிறகு, 18ஆம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை எழுத அதைவிட்டால் வேறு வழியில்லை என்றாயிற்று.

பிள்ளையின் காலத்துப் புலவர் ஒருவரிடம் இதை இலக்கியம் என்று காட்டியிருந்தால் சிரித்திருப்பார். செய்யுள் இல்லை, அணி இல்லை, வியாபாரியின் கணக்குப்பேச்சு. அதைக் காப்பாற்றியது எந்தப் புலமையும் அல்ல. முப்பாட்டன் எழுதியது, எறியக்கூடாது என்ற குடும்பத்தின் தயக்கம் மட்டுமே. பிறகு எவனோ ஒருவன் வந்து கேட்டான். பாதுகாப்பின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு விபத்துகளால் ஆனது. நாங்களும் இப்போது விபத்தை நம்பித்தான் இருக்கிறோமா என்பதே என் கேள்வி.

3

விபத்தை நம்பாத ஒருவரும் எங்களிடம் இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக இருந்த ரோஜா முத்தையா தன் வீட்டை நிரப்பிச் சேர்த்தவை ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள். அவற்றில் பாதியளவே நூல்கள். மீதி சஞ்சிகைகள், கல்யாணப் பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், இன்னும் என்னென்னவோ துண்டுக் காகிதங்கள். பல்கலைக்கழகம் எதுவும் அந்நாளில் கைநீட்டி வாங்கியிராத சரக்கு. அவர் 1992இல் இறந்தார். சிக்காகோ பல்கலைக்கழகம் சேகரத்தை விலைக்கு வாங்கியது. 1994இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது, காகிதம் தமிழ்நாட்டிலேயே தங்கியது, படியெடுத்தவை உலகமெங்கும் போயின. ஆரியேலின் காலத்தோடு ஒப்பிட்டால் நேர்மையான ஏற்பாடு இது.

அந்த நூலகத்தைப் புகழும்போது அரிய முதற்பதிப்புகளைத்தான் சொல்கிறார்கள். நான் நோட்டீசுகளைச் சொல்வேன். ஒரு நாடக நோட்டீசில் கொட்டகையின் பெயர், கட்டண வகுப்புகள், பெண்களுக்குத் தனியிடம் உண்டா என்ற அறிவிப்பு இருக்கும். மேடையேறிய நாடகத்தின் பிரதி இதில் எதையும் சொல்லாது. முத்தையா கல்யாணப் பத்திரிகையையும் முதற்பதிப்பையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். தமிழ்ச் சமூகத்தின் எழுத்து எது என்பதற்கு அவர் கொடுத்த விடை அந்த வீடுதான்.

புதுச்சேரியில் 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வேறொரு முயற்சி நடந்தது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களை, அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியுடன், எண்ணிமப்படுத்தினார்கள். மானிடவியலாளர் ஸோயே ஹெட்லி இதில் முன்னின்றவர். திரைச்சீலையில் தீட்டிய மாளிகை, பூச்சாடி வைத்த மேசை, அதில் கைவைத்து நிற்கும் பெண், நாற்காலியில் விறைத்து அமர்ந்த கணவன். அரசர்களோ தலைவர்களோ அல்ல. சாதாரணக் குடும்பங்கள் தங்களை எப்படிப் பார்க்கப்பட விரும்பின என்பதன் சேகரம் அது.

ஆனால் ஸ்டூடியோப் படத்துக்கு ஒரு நோய் உண்டு. கடை மூடி, எதிர்ச்சுருள்களும் படங்களும் பழைய சாமான் வியாபாரியிடம் போன பிறகு, முகம் இருக்கும், பெயர் இருக்காது. அழகான படம்தான், ஆனால் அது யாருடையது, எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தது, ஏன் ஒரு பிள்ளை மட்டும் இல்லை என்று கேட்க ஆளில்லை. அப்போது அது உடையின் வரலாற்றுக்கும் திரைச்சீலையின் வரலாற்றுக்கும் பயன்படும். வாழ்ந்தவரின் வரலாற்றுக்குப் பயன்படாது. ஏட்டுக்கு எழுத்தரின் குறிப்பு எதுவோ, படத்துக்குப் பின்பக்கம் அது.

எங்கள் அல்பங்களைப் பாருங்கள். எண்பதுகளில் வந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பிய படங்களுக்கென்றே ஓர் இலக்கணம் உண்டு. ஈபெல் கோபுரம் பின்னணியில். யாருடையதோ ஆன காரின் கதவில் ஒரு கை. இரவல் வாங்கிய குளிர்ச்சட்டை. பாத்திரம் கழுவும் உணவகத்தின் பின்வாசலில் எடுத்த படத்தை யாரும் ஊருக்கு அனுப்பவில்லை. முன்பக்கம் அம்மாவுக்குச் சொல்லும் ஆறுதல். பின்பக்கத்தில் நீல மையில், 'குளிர் கூட. தம்பியைப் படிக்க வையுங்கோ. காசு அடுத்த மாதம்.' இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் அந்தப் படம் முழுமையாகும். ஒரு பக்கத்தை மட்டும் வருடியில் வைத்து எடுத்து முகநூலில் போடுகிறோம்.

இதில் ஒரு தலைகீழும் நேர்ந்துவிட்டது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக வெளியேறியபோதும், 2009இல் வன்னியிலும், மக்கள் அல்பங்களையும் விட்டுவிட்டே நடந்தார்கள். ஊரிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட படங்கள் தப்பின. ஒரு தாயின் இளவயதுப் படத்தின் மிஞ்சிய ஒரே படி இன்று லா கூர்நேவில் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கலாம். ஊரின் ஆவணக்காப்பகம் எங்கே என்று கேட்டால் ஒரு பகுதி விடை, பாரிஸின் புறநகரில்.

4

இலக்கியத்துக்கு வருவோம். ஓசை, மௌனம், அம்மா, எக்ஸில், உயிர்நிழல் என்று இந்நகரிலிருந்து வெளிவந்த சிறுசஞ்சிகைகள் இல்லாமல் புலம்பெயர் இலக்கியத்தின் வரலாறு இல்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தின் தன்னார்வலர்களால், இவற்றின் இதழ்களை இன்று யாரும் எங்கிருந்தும் பக்கம் பக்கமாக வாசிக்க முடிகிறது. எரிந்த நூலகத்துக்கு எங்கள் தலைமுறை கொடுத்த மிகச் சிறந்த பதில் அதுவே என்று தயங்காமல் சொல்வேன். படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்குமாக 'ஆவணகம்' என்ற தனித்தளத்தையும் அவர்கள் நடத்துகிறார்கள்.

ஆனால் அச்சேறியது சஞ்சிகையின் முன்பக்கம் மட்டுமே. ஒரு கதை திருப்பி அனுப்பப்பட்டபோது ஆசிரியர் எழுதிய கடிதம் எங்கே? சந்தாக்காரர் பட்டியல் எங்கே? அதைப் பார்த்தால்தான் பாரிஸில் அச்சான கவிதை நோர்வேயின் எந்த மீன்பிடி ஊர்வரை போய்ச் சேர்ந்தது என்று தெரியும். அச்சுச் செலவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், எந்தக் கடை விளம்பரத்தைத் திடீரென நிறுத்திக்கொண்டது, ஏன்? இலக்கியச் சந்திப்புகளில் விடியும்வரை நடந்த விவாதங்களைப் பதிவுசெய்த கசற்றுகள் எத்தனை இன்னும் ஓடும் நிலையில் உள்ளன? ஒரு காந்தநாடாவின் ஆயுள் சில பத்தாண்டுகள். அது எங்கள் நல்லெண்ணத்துக்காகக் காத்திராது.

இவையின்றி நடக்கும் விமர்சனம் எப்படிப்பட்டது என்பதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். புலம்பெயர் இலக்கியம் பற்றிய கட்டுரைகளில் பாதி, கதைகளின் சுருக்கம். மீதி, எழுதியவரின் அரசியல் மீதான தீர்ப்பு. ஒரு கவிதையின் முதல் வரைவில் இருந்த ஊர்ப்பெயர் அச்சில் ஏன் இல்லை என்று எந்த விமர்சகரும் கேட்டதில்லை. கேட்க வரைவு கையிலில்லை. வாய்வழி வதந்தியைக் கொண்டே எங்கள் இலக்கிய வரலாற்றை எழுதுகிறோம். பிறகு அதை வதந்தி என்று சண்டை பிடிக்கிறோம்.

ஒரு எடுத்துக்காட்டு. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதி விண்ணப்பத்தின் வடிவத்தைக் கையிலெடுத்துத் தொடங்குகிறது. நாவலுக்குள் அடிக்குறிப்புகள் வருகின்றன. இந்த வடிவத்தின் கூர்மை எங்களுக்கு உடனே விளங்கியது. ஏனென்றால் எங்களில் பெரும்பாலோர் அந்த வகை எழுத்தில் ஒன்றைக் கையொப்பமிட்டுக் கொடுத்தவர்கள். 'கேஸ்' என்றுதான் அதற்குப் பெயர். பெயர், ஊர், பிடிபட்ட திகதி, அடிபட்ட விதம், தப்பிய வழி. ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுத, வேறொருவர் பிரெஞ்சில் பெயர்க்க, ஒஃப்ராவுக்குப் போகும். அது மறுத்தால் மேன்முறையீடு. உண்மைக்கும் சூத்திரத்துக்கும் இடையில், மூன்று பேர் கைபட்டு உருவான இந்த உரைநடை, லாச்சப்பலில் எங்கள் சமூகம் உற்பத்திசெய்த மிகப் பெரிய இலக்கிய வகை. அச்சான எல்லாக் கதைகளையும் சேர்த்தாலும் அளவில் அதற்கு ஈடாகாது.

ஒஃப்ராவின் ஆவணங்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை. அவற்றைக் கேட்பது என் நோக்கமல்ல. வீட்டில் வைத்திருக்கும் நகல்களைச் சொல்கிறேன். ஐம்பது ஆண்டுகள் கழித்து 'கொரில்லா'வை வாசிக்கப் போகும் ஒரு பெண்ணுக்கு அந்த நகல்களில் சிலவாவது கிடைக்காவிட்டால், நாவல் எதைக் கேலி செய்தது, எதன் முன் கலங்கியது என்பதை அவள் பாதிதான் உணர்வாள்.

நாங்கள் விரும்பி ஆவணமாக்கும் ஒரே வகையையும் குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டியின்போது, 31ஆம் நாளில், இறந்தவர் நினைவாக அச்சிட்டுக் கொடுக்கும் சிறுநூலைக் 'கல்வெட்டு' என்பார்கள். வழக்கம் கடல் கடந்தும் தொடர்கிறது. படம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரம், நன்றியுரை. நினைவுமலர் என்ற பெயரில் இவற்றை 'நூலகம்' சேகரிப்பது அறிவார்ந்த முடிவு. உறவுமுறையையும் இடப்பெயர்வையும் ஆராய இதைவிட நல்ல மூலம் குறைவு. ஆயினும் கல்வெட்டு ஒருவரைக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, படுக்கவைத்த பிறகு எழுதப்படுவது. சீட்டுப் பிடித்துத் தோற்றது, இயக்கத்தில் இருந்தது, சாதி மாறி மணந்த மகளோடு பத்து ஆண்டுகள் பேசாதிருந்தது எதுவும் அதில் வராது. கல்வெட்டு சொல்லாததைப் பெட்டி சொல்லும். கல்வெட்டை 500 படி அச்சிட்டுவிட்டுப் பெட்டியைத் தெருவோரம் வைக்கிறோம்.

5

பெட்டியை ஏன் எவரும் திறந்து கொடுப்பதில்லை என்பதற்குச் சோம்பலைத் தவிரவும் காரணம் உண்டு. அது பயம்.

1994 மே 1 அன்று சபாரட்ணம் சபாலிங்கம் பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஈழப்போராட்ட இயக்கங்களின் வரலாற்றை எழுதும் முயற்சியில் இருந்தவர் அவர். அந்தத் துப்பாக்கிச் சத்தத்தை இந்நகரின் தமிழ் எழுத்துலகம் மறக்கவில்லை. காகிதம் வைத்திருப்பதும் நினைவை எழுதுவதும் உயிருக்கு விலையாகலாம் என்று ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. கடிதங்களைக் கிழித்தவர்கள் உண்டு. படத்தில் ஒரு முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்தவர்கள் உண்டு. கத்தரித்த படமும் ஓர் ஆவணம்தான். அந்த ஓட்டையின் வடிவம் எங்கள் காலத்தைப் பற்றி முழுப்படத்தைவிட அதிகம் பேசும்.

இந்தப் பயத்தைப் பழசு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கடிதத்தில் பெயர் வரும் நபர் இன்னும் ஊரில் வாழ்கிறார். ஒரு கேஸில் எழுதியதும் உண்மையில் நடந்ததும் வேறாக இருக்கலாம். அது இன்று வெளியானால் யாருடைய வதிவிட அட்டைக்கு என்ன நேரும்? 'எல்லாவற்றையும் எண்ணிமப்படுத்து, எல்லோருக்கும் திற' என்ற இணையத்தின் உற்சாகம், நூலுக்குப் பொருந்தும். கடிதத்துக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் முயற்சிகள் இந்த வேறுபாட்டை இன்னும் தெளிவாகப் பேசவில்லை. திறந்து வைப்பது ஒன்றே காப்பது என்று எண்ணும்வரை, பயந்தவர்கள் பெட்டியைத் தர மாட்டார்கள். அவர்கள் தராதது சரியே.

ஆனால் பூட்டி வைத்துக் காப்பதும் ஆவணக்காப்பகத்தின் பழைய வேலைதான். பிரான்சில் தனியார் தங்கள் காகிதங்களை ஒரு பொது ஆவணக்காப்பகத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம்; அல்லது உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு வைப்பாக ஒப்படைக்கலாம். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, யார் பார்க்கலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். 30 ஆண்டு என்றால் 30 ஆண்டு. பொபினியிலுள்ள சேன்-சென்-டெனி மாவட்ட ஆவணக்காப்பகம் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியின் காகிதங்களை இப்படித்தான் வைப்பாகப் பெற்றது. எங்கள் மக்கள் ஏராளமாக வாழும் மாவட்டம் அது. நான்தேரிலுள்ள லா கொந்தாம்போரேன் நூலகம், முதல் உலகப்போர்க் காலத்தில் லெப்லாங் தம்பதி சேர்த்த தனிப்பட்ட சேகரத்திலிருந்து 1917இல் பிறந்தது. நாடுகடந்தோரின் காகிதங்களும் மனித உரிமை அமைப்புகளின் காகிதங்களும் அங்கே இருக்கின்றன. 1987இல் தொடங்கிய ஜெனெரிக் என்ற அமைப்பு, பிரான்சில் வாழும் வெளிநாட்டவர் வரலாற்றுக்கான மூலங்களைத் தேடிப் பட்டியலிட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. மக்ரெப் நாடுகளிலிருந்து வந்தவர்கள் முன்னின்று செய்த வேலை அது.

ஒரு எதிர்வாதம் எழும். எங்கள் காகிதத்தை மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கையில் கொடுப்பதா, ஆரியேல் காலம் திரும்புவதா என்று. கேள்வி நியாயமானது. ஆரியேலின் ஏடுகளுக்கு இல்லாத ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது: கொடுக்கிறவரே உயிரோடிருந்து நிபந்தனை எழுதலாம். காகிதத்தோடு கதையையும் கொடுக்கலாம். போர்த் தோரேயிலுள்ள குடிவரவு வரலாற்று அருங்காட்சியகத்தில் 'நன்கொடைக் கூடம்' என்று ஒரு பகுதியை அமைத்தார்கள். ஒரு தையல் இயந்திரமோ பெட்டியோ வந்தால் அதற்குரியவரின் வாழ்க்கையும் கூடவே சொல்லப்பட்டது. பொருளை விட்டுக்கொடுத்தாலும் பொருளுக்கான பேச்சை விட்டுக்கொடுக்காத முறை அது. மூலம் இங்கே ஒரு பொது ஆவணக்காப்பகத்தில், எண்ணிமப்படி 'நூலகம்' போன்ற எங்கள் நிறுவனத்தில், திறப்பதா பூட்டுவதா என்பது குடும்பத்தின் சொல்லில். ரோஜா முத்தையா நூலகம் காட்டிய வழி இதற்கு நெருக்கமானதுதான்.

6

இங்கே பிறந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ் வாசிக்கத் தெரியாததை உங்கள் குறையாகச் சொல்லிக் குத்துவது பெரியவர்களின் வழக்கம். பத்து வயதில் பிரெபெக்ச்சூரின் வரிசையில் நின்று அம்மாவுக்கு மொழிபெயர்த்தவர்கள் நீங்கள். வரிக் கடிதத்தையும் வாடகை ரசீதையும் கோப்பில் அடுக்கி வைத்தவர்களும் நீங்கள். உங்கள் வீட்டின் ஆவணக்காப்பாளர் வேலையை யாரும் பெயர் சொல்லி அழைக்காமலே செய்திருக்கிறீர்கள். யித்திஷ் உலகிலும் இதே கதை நடந்தது. 1980இல் அமெரிக்காவில் ஆரோன் லான்ஸ்கி என்ற இளைஞர் வீசியெறியப்படும் யித்திஷ் நூல்களைச் சேகரிக்கப் புறப்பட்டபோது, மிஞ்சியிருப்பவை 70,000 இருக்கலாம் என்றார்கள் அறிஞர்கள். கிடைத்தவை 10 இலட்சத்தையும் தாண்டின. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளின் வீடுகளிலிருந்துதான் அவற்றில் பெரும்பங்கு வந்தது. இன்று மெதெம் நூலகம் இருக்கும் அதே கட்டடத்தில் யித்திஷ் மொழி வகுப்புகள் நடக்கின்றன. நூல்கள் காத்திருந்தன, வாசகர்கள் பிந்தி வந்தார்கள்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. பெட்டியைப் பிரித்து அடுக்க வேண்டாம். இருக்கும் ஒழுங்கிலேயே இருக்கட்டும். எந்தக் கடிதத்தோடு எந்தப் படம் வைக்கப்பட்டிருந்தது என்பதும் செய்தியே. படத்தின் இரண்டு பக்கத்தையும் எடுங்கள். பெயர் இல்லாத படத்தை அப்பாவிடமோ சின்னம்மாவிடமோ காட்டி, அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். 'இது ஆர்?' என்ற ஒரு கேள்வி போதும். பிறகு மென்மையான பென்சிலால் பின்பக்கத்தில் பெயரை எழுதுங்கள். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும். ஓடாத கசற்றை எறியாதீர்கள். எதையாவது மறைக்க வேண்டுமென்று அவர்கள் சொன்னால், அதை எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டு எழுதி வையுங்கள்.

சங்கங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும், இந்தச் சஞ்சிகை உட்பட, வேறு வேலை இருக்கிறது. தேர்த்திருவிழாவுக்கு ஒரு குழு அமைக்கத் தெரிந்த சமூகம், காகிதத்துக்கும் ஒரு குழு அமைக்கலாம். ஒரு மாவட்ட ஆவணக்காப்பகத்தோடு ஒரு மாதிரி ஒப்பந்தம், தமிழிலும் பிரெஞ்சிலும் இரண்டு பக்கம். வீடு காலிசெய்யும் வாரத்தில் அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம். பெட்டிகளை வைக்க ஈரமில்லாத ஓர் அறை. மெதெமைத் தொடங்கிய தொழிலாளர்களும் பகலில் வேலை செய்து இரவில்தான் நூல் அடுக்கினார்கள்.

முதல் தலைமுறையின் மரண அறிவித்தல்கள் இப்போது வாரந்தோறும் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கிறது, கீழே பிறந்த ஊரும் வாழ்ந்த ஊரும். அந்தப் படம் எந்த அல்பத்திலிருந்து எடுக்கப்பட்டது, அதன் பின்னால் என்ன எழுதியிருந்தது என்று கேட்கக்கூடிய ஆட்கள் இன்னும் சில ஆண்டுகளுக்கு எங்களிடையே இருப்பார்கள்.